வெயில் தாராளம், பகல்தான் பற்றாக்குறை

பூத்திருக்கிறது என்று முதலில் சொன்னது பக்கத்து வீட்டு அக்காதான். "தம்பி, உங்க திண்ணையில மஞ்சளா ஒண்ணு பூத்திருக்கே, பார்த்தீங்களா?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. மொட்டைமாடியில் இருந்த 14 தொட்டிகளைத்தான் எட்டு மாதமாகக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் இருந்தது 15ஆவது தொட்டி. மாடியில் இடம் போதாமல், சுவர் விளக்குக்கு இரண்டடி கீழே அதைக் கொண்டுவந்து வைத்து, அப்படியே மறந்துவிட்டேன். தண்ணீர்கூட நினைவு வந்தால்தான்.

போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு. அதன் நுனியில் உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு ஒரு பூ. சுற்றிலும் மஞ்சள் இதழ்கள், நடுவில் கருஞ்சாக்லேட் நிறத்தில் குமிழ் போன்ற ஒரு கூம்பு. விதை உறையில் இருந்த படம் அப்படியே உயிரோடு வந்து நின்றது. சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. முழுவெயில் வேண்டும் என்று எல்லாரும் சொல்லும் செடி இது. மாடியில் நாளெல்லாம் வெயில் குடித்த 14 செடிகளும் இலையோடு தரையில் ஒட்டிக் கிடக்கின்றன. காலையில் நான்கு மணி நேர வெயில் மட்டும் விழும் திண்ணையில் இது பூக்கிறது.

செடியின் பெயர் ருட்பெக்கியா ஹிர்ட்டா. வட அமெரிக்காவின் புல்வெளிகளில் தானாக முளைக்கும் காட்டுப்பூ. ஆங்கிலத்தில் பிளாக் ஐட் சூசன் என்கிறார்கள், கறுப்புக்கண் சூசன். அந்தப் பெயரால் எனக்கு ஒரு வருடம் வீணானது தனிக்கதை. முதல்முறை அந்தப் பெயரைச் சொல்லித்தான் விதை வாங்கினேன். முளைத்தது, வளர்ந்தது, திடீரென்று கொடி வீசியது. பக்கத்துக் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஏறி, ஆரஞ்சு மஞ்சளில் ஐந்து இதழும் நடுவில் கறுப்புத் துளையுமாகப் பூத்தது. அது துன்பெர்ஜியா அலாட்டா, கிழக்கு ஆப்பிரிக்காக் கொடி. அதற்கும் பிளாக் ஐட் சூசன் என்றே பெயர். விற்றவரைக் குறை சொல்ல வழியில்லை, நான் கேட்ட பெயரில் ஒரு செடியைக் கொடுத்திருக்கிறார். ஊர்ப்பெயர் சொல்லி விதை வாங்கினால் இப்படித்தான். அடுத்தமுறை லத்தீன் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அந்த லத்தீன் பெயருக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஊலோஃப் ருட்பெக் என்ற பெயரில் அப்பாவும் மகனும் இருந்தார்கள், இருவருமே பேராசிரியர்கள். அப்பா நிணநீர் நாளங்களைப் பற்றி ஆராய்ந்தவர், 1655இல் அங்கே தாவரத் தோட்டம் போட்டவர். உலகில் காணாமல்போன அட்லாண்டிஸ் தன் சுவீடன்தான் என்று சாதித்து, பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தவரும் அவரேதான். 1702இல் ஊரில் பெருந்தீ பிடித்தபோது, தாவரப் படங்களுக்காக அவர் செதுக்கி வைத்திருந்த மரக்கட்டைகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. அதே ஆண்டு அவரும் காலமானார். மகன் ருட்பெக்கின் வீட்டில்தான், பின்னாளில் செடிகளுக்கு லத்தீனில் இரட்டைப்பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ், கையில் காசில்லாத மாணவனாக இருந்தபோது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு தங்கியிருந்தார். அந்த நன்றிக்கு ஒரு பூவின் பெயர். ஹிர்ட்டா என்றால் மயிரடர்ந்தது என்று பொருள். செடியைத் தொட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கன்றுக்குட்டி நக்கினால் கையில் ஒரு சொரசொரப்பு தெரியுமே, அந்த மாதிரி. இலை, தண்டு, மொட்டைத் தாங்கும் பச்சைச் செதில்கள் எல்லாவற்றிலும் வெள்ளைச் சுணை. காலைப் பனித்துளி இலையில் படியாமல் அந்த மயிர்களின் நுனியில் நிற்கும். சாய்ந்த வெயிலில் செடிக்குச் சரிகை போட்டதுபோல இருக்கும்.

சரி, விதைப்புக்கு வருகிறேன். ஒரு கிராமில் 3000க்கு மேல் விதை இருக்கும், அவ்வளவு சின்னது. கறுப்பாக, நான்கு பட்டையோடு, உடைந்த பென்சில் முனையை இன்னும் பத்தாக நறுக்கியதுபோல இருக்கும். காற்றில் பறக்கப் பஞ்சு கிடையாது. தாய்ச்செடியின் காலடியிலேயே கொட்டிவிடும். இதை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரமான மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டால் போதும். நான் முதலில் வழக்கப்படி விரலால் குழி போட்டு மூடினேன், பத்துக்கு இரண்டு வந்தது. மேலே தூவியதில் பத்துக்கு ஏழு. குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினால் எல்லா விதையும் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தெளிப்பானில் புகைபோல அடிக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். வெப்பம் 20 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் முளைவிடும்.

நாற்று நான்கு இலை விட்டதும் பிரித்து நட்டேன். நத்தைக்கு இந்தப் பருவம் ரொம்பப் பிடிக்கும். பின்னால் வரும் சொரசொரப்பு அப்போது இன்னும் ஏறியிருக்காது. ஒரே ராத்திரியில் ஆறு நாற்றுகள் காலி. தட்டைச் சுற்றி மரச்சாம்பல் போட்டுப் பார்த்தேன். மழை வரும்வரை அது வேலை செய்தது. அப்புறம் இருட்டிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கையால் பொறுக்கியதுதான் உருப்படியான வழி.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த எட்டு மாதம்.

செடிகள் நன்றாக இருந்தன. அதுதான் குழப்பமே. நோய் இல்லை, வாட்டம் இல்லை. தரையோடு தரையாக வட்டமாக இலை விரித்து உட்கார்ந்துகொண்டன. நடுவிலிருந்து புது இலை வரும், ஓரத்தில் பழையது காயும். தண்டு மட்டும் எழவே இல்லை. இந்தச் செடி பல சமயம் முதல் ஆண்டு இலைத்தட்டாக இருந்து, அடுத்த ஆண்டுதான் பூக்கும் என்று படித்திருந்ததால் முதலில் பொறுமையாக இருந்தேன். ஆறாவது மாதம் பொறுமை போய்விட்டது. மண்ணில் சத்தில்லையோ என்று சிலவற்றுக்கு மண்புழு உரம் போட்டேன். இலை பெரிதானது. வெயில் போதவில்லையோ என்று நிழல் விழாத நடுமாடிக்கு நகர்த்தினேன். இலை தடித்தது. தொட்டி சின்னதோ என்று இரண்டைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். அவை இன்னும் பெரிய இலைத்தட்டு ஆயின. அக்கா ஒருநாள் துணி உலர்த்த வந்தபோது வரிசையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு இலை மட்டும்தானா தம்பி?" என்றார். "பூக்கும்க்கா" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

திண்ணைச் செடிக்கும் மாடிச் செடிகளுக்கும் என்ன வித்தியாசம் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒரே விதை, ஒரே மண், ஒரே நாள் விதைப்பு. வெயில், உரம், கவனிப்பு மூன்றும் திண்ணைச் செடிக்குக் குறைவு. அதற்கு அதிகமாகக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான், அந்தச் சுவர் விளக்கு. பழைய காலத்து மஞ்சள் குண்டு பல்பு. அண்ணன் வேலை முடிந்து வரும்வரை, தினமும் இரவு 11 மணிக்கு மேலும் எரியும். அதாவது அந்தச் செடிக்குப் பொழுது சாயங்காலம் ஆறரைக்குச் சாயவில்லை. 11 மணிக்குத்தான் சாய்ந்தது.

வெயில் வேறு, பகல் வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. செடிக்கு வெயில் என்பது சாப்பாடு, அதை வைத்து வளரும். பகலின் நீளம் அதற்குப் பஞ்சாங்கம், இப்போது என்ன பருவம் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். நான் எட்டு மாதமாகச் சாப்பாட்டை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன். பஞ்சாங்கத்தைக் காட்டவே இல்லை.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்னர், அல்லார்ட் என்ற இருவர். 1920இல் வெளியிட்டார்கள். அவர்களைக் குழப்பியது மேரிலாண்ட் மம்மத் என்ற புகையிலை. கோடையில் ஆளுயரம் தாண்டி வளரும், இலை இலையாகத் தள்ளும், பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் வைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் செடியைக் கோடையில் மாலை வேளைக்கு முன்பே இருட்டறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். பூத்தது. அந்தப் புகையிலைக்குக் குறும்பகல் வேண்டும். ருட்பெக்கியா நேர் எதிர். அதற்கு நெடும்பகல் வேண்டும், சுமார் 14 மணி நேரமாவது. அதற்குக் குறைந்தால் தண்டு எழுப்பாமல் இலைத்தட்டாகவே காத்திருக்கும்.

14 மணி நேரப் பகல் எங்கே கிடைக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டிலிருந்து 40 பாகை வடக்கே போனால் ஜூன் கடைசியில் பகல் 15 மணி நேரம், டிசம்பரில் 9 மணி 20 நிமிடம். கோட்டுக்கு 10 பாகை தள்ளி இருக்கும் இடத்தில் ஆண்டிலேயே நீண்ட பகல் 12 மணி 45 நிமிடத்தைத் தொடாது. நான் இருப்பதும் கிட்டத்தட்ட அந்தப் பாகையில்தான். வெயிலுக்குக் குறைவே இல்லாத இடம். ஆனால் இந்தச் செடி கேட்கும் பகல் எந்த மாதத்திலும் வராது. எட்டு மாதம் என்ன, எட்டு வருடம் காத்திருந்தாலும் மாடியில் பூத்திருக்காது. விதை உறையில் "முழுவெயில்" என்று அச்சடித்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஊர்க் கோடையில் நீண்ட பகல் கூடவே வந்துவிடும், அதைத் தனியாக எழுத அவர்களுக்குத் தோன்றியிருக்காது. வெயில் விரும்பி என்று போட்டிருக்கும் எந்த அயல்நாட்டு விதையையும் இப்போதெல்லாம் நான் இந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இந்தப் பூவின் சொந்த ஊரிலேயே பகல்கணக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறது. மேரிலாண்ட் மாநிலம் 1918இல் ருட்பெக்கியாவைத் தன் மாநில மலராக எடுத்துக்கொண்டது. அந்த மாநிலத்தின் பெரிய குதிரைப் பந்தயம் பிரீக்னெஸ். ஜெயித்த குதிரையின் கழுத்தில் கறுப்புக்கண் சூசன் மலர்ப்போர்வை போடுவது மரியாதை. பந்தயம் நடப்பதோ மே மாதம். பகல் நீண்டு, தண்டு எழுந்து, மொட்டு முற்றிப் பூப்பதற்குள் ஜூன் வந்துவிடும். அதனால் வேறு மஞ்சள் பூக்களை வைத்துத்தான் போர்வை பின்னுகிறார்கள். நிஜப் பூ போலத் தெரியவேண்டும் என்று, அந்தப் பூக்களின் நடுவில் கறுப்புச் சாயம் தீட்டிய காலமும் உண்டு. பந்தயத்தின் தேதியைப் பூவுக்காக யாரும் தள்ளிவைக்கப் போவதில்லை. பூவும் தன் தேதியை விட்டுக்கொடுக்கவில்லை.

நான் செய்தது இதுதான். மாடியிலிருந்து ஆறு தொட்டிகளைக் கீழே இறக்கித் திண்ணையில் வரிசையாக வைத்தேன். மேலே இரண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, தானாக எரிந்து அணையும் டைமர் ஒன்றை மாட்டினேன். மாலை ஆறிலிருந்து 11 வரை விளக்கை விடலாம், அல்லது நள்ளிரவில் 10இலிருந்து 2 வரை எரிய விடலாம். பண்ணைக்காரர்கள் இரண்டாவது வழியைத்தான் அதிகம் பின்பற்றுகிறார்கள், நானும் அதையே வைத்தேன். அதற்குக் காரணம், செடி உண்மையில் அளப்பது பகலை இல்லை, இடைவிடாத இருட்டை. 1938இல் ஹாம்னர், பானர் என்ற இரு ஆய்வாளர்கள் மருளூமத்தைச் செடியை வைத்து அதைக் காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவில் கொஞ்சம் வெளிச்சம் காட்டினால், செடி அதை இரண்டு குட்டி இரவுகளாகக் கணக்குப் பண்ணிவிடும். அந்த வெளிச்சத்தை உணரும் நிறமிக்கு ஃபைட்டோகுரோம் என்று பெயர். அதைக் கருவியில் பிடித்துக் காட்டியது 1959இல், மேரிலாண்ட் மாநிலத்து பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில். அந்த மாநிலத்துக்கும் இந்த விஷயத்துக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் போலிருக்கிறது.

விளக்கு கண்ணைப் பறிக்க வேண்டியதில்லை. செடி வளர்வதற்கான வெளிச்சத்தைப் பகலில் வெயில் கொடுத்துவிடுகிறது. ராத்திரி விளக்கு வெறும் சமிக்ஞை. பல்புக்குக் கீழே ஒரு கடிதத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் போதும். ஆனால் அதில் சிவப்பு ஒளி இருக்க வேண்டும். குண்டு பல்பு நல்லது. எல்.இ.டி. என்றால் மஞ்சள் சாய்ந்த வெள்ளை. இன்னொன்று, செடி சமிக்ஞையைக் கேட்கும் வயதுக்கு வந்திருக்க வேண்டும். சுமார் பத்து இலை விட்டிருந்தால்தான் அது பகலைக் கணக்கெடுக்கும். நாற்றுப் பருவத்தில் விளக்குப் போடுவது மின்சாரத்துக்குக் கேடு.

மூன்றாவது வாரம் மாற்றம் தெரிந்தது. அதுவரை தரையை நோக்கிப் படுத்திருந்த நடு இலைகள் நிமிர்ந்தன. விரலால் விலக்கிப் பார்த்தால் உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பச்சை முடிச்சு. அதற்குப் பிறகு தண்டு நாளுக்கு ஒரு விரற்கடை ஏறியது. ஒன்பதாவது வாரம் முதல் பூ. ஆறில் ஒன்று வேரழுகிச் செத்தது. மற்ற ஐந்தும் பூத்தன. மாடியில் மிச்சம் இருந்த எட்டும் இலைத்தட்டாகவே இருந்தன. அவற்றில் ஒன்றையாவது விளக்கில்லாமல் கடைசிவரை வைத்துப் பார்ப்போம் என்ற நினைப்பில், மூன்றை இன்னும் மேலேயே விட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் ஒரு வம்பு. அக்கா தன் சாமந்தித் தொட்டியை எங்கள் பொது மதில்மேல் வைத்திருந்தார். என் பல்பு வெளிச்சம் நேராக அதன்மேல்தான் விழுந்தது. சாமந்தியும் ருட்பெக்கியாவும் ஒரே குடும்பம், சூரியகாந்திக் குடும்பம். பழக்கத்தில் மட்டும் கிழக்கும் மேற்கும். சாமந்தி குறும்பகல் செடி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். என் டைமர் தினமும் நள்ளிரவில் அதை எழுப்பி எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. "ஒவ்வொரு வருஷமும் இந்நேரம் மொட்டு நிறைஞ்சிருக்கும் தம்பி, இந்த வருஷம் என்னமோ இலையாவே போகுது" என்று அவர் வருத்தப்பட்டபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லத்தான் ஒரு நாள் பிடித்தது. சொன்னதும் அக்கா பல்பைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க பூவுக்குத் தூக்கம் கெடணும், என் பூவுக்குத் தூக்கம் வேணும். அவ்வளவுதானே?" என்றார். நான் இரண்டு பத்தியில் எழுதியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தொட்டியை அன்றே பின்கட்டுக்கு எடுத்துப்போனார்.

இப்போது பூவைப் பற்றி. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், இவ்வளவு பாடுபட்டாயிற்று.

தூரத்திலிருந்து ஒரு பூவாகத் தெரிவது உண்மையில் நூற்றுக்கணக்கான பூக்களின் கூட்டம். சுற்றியிருக்கும் மஞ்சள் இதழ் ஒவ்வொன்றும் ஒரு தனிப்பூ. ஆனால் மலட்டுப்பூ, அதற்கு விதை கிடையாது. விளம்பரப் பலகை வேலை மட்டும்தான். விதை வைப்பவை நடுக்கூம்பில் இருக்கும் குட்டிக் குழாய்ப்பூக்கள். அவை எல்லாம் ஒரே நாளில் திறப்பதில்லை. அடிவரிசை முதலில் திறக்கும். கறுப்புக் கூம்பின் அடியில் மஞ்சள் மகரந்தம் ஒரு மெல்லிய வளையமாகத் தோன்றும், கறுப்புத் தொப்பிக்குச் சரிகைக் கரை கட்டியதுபோல. மறுநாள் அடுத்த வரிசை, வளையம் ஒரு படி மேலே ஏறியிருக்கும். இப்படியே உச்சிக்குப் போய்ச் சேர ஒன்றரை, இரண்டு வாரம் ஆகிறது. வளையம் எங்கே இருக்கிறது என்று பார்த்தே பூவின் வயதைச் சொல்லிவிடலாம். தேனீ வந்து உட்கார்ந்தால் கூம்பின் நடுவுக்குப் போகாது. அந்த வளையத்தின் மேலேயே வட்டமடித்து ஒவ்வொரு பூவாகத் துழாவிக்கொண்டு வரும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் காலை எட்டு மணி வாக்கில் பாருங்கள். ஒவ்வொரு குழாய்ப்பூவும் ஐந்து முனை நட்சத்திரமாகத் திறந்து, உள்ளிருந்து மகரந்தத்தைப் பற்பசை மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

நம் கண்ணுக்கு இதழ் முழுக்க ஒரே மஞ்சள். தேனீக்கு அப்படி இல்லை. அதற்குப் புற ஊதா நிறம் தெரியும், சிவப்பு தெரியாது. ருட்பெக்கியாவின் இதழ் நுனி புற ஊதாவைத் திருப்பி அனுப்புகிறது, அடிப்பாகம் விழுங்கிவிடுகிறது. ஆகத் தேனீயின் கண்ணில் அது நடுவில் பெரிய இருண்ட வட்டம் போட்ட இலக்குப் பலகை. அந்த அடிப்பாகத்தில் இருப்பது ஃபிளேவனால் வகை நிறமிகள் என்று தாமஸ் ஐஸ்னரும் கூட்டாளிகளும் 1972இல் கண்டுபிடித்தது இதே ருட்பெக்கியா ஹிர்ட்டாவை வைத்துத்தான். நமக்காகப் பூசிய மஞ்சள் இல்லை அது. என்றாலும் நமக்குக் கிடைத்த பங்கு குறைவில்லை.

பராமரிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் இது கவனிப்பால் கெடும் செடி. சொந்த மண்ணில் சாலையோரம், ரயில்பாதை ஓரம், தீயில் எரிந்த புல்வெளி, கிளறிப்போட்ட வெறும் நிலம், இப்படி யாரும் வராத இடத்துக்கு முதல் ஆளாக வருவது இது. சத்து நிறைந்த மண்ணில் போட்டால் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து, காற்றடித்ததும் சாய்ந்துவிடும். நான் ஆசையாக மண்புழு உரம் போட்ட இரண்டுக்கும் குச்சி கட்டவேண்டி வந்தது. போடாதவை தாமாக நின்றன. மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல் இருந்தால் நல்லது. தண்ணீர் தேங்கக் கூடாது. விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றும்போது அடிவரை நனைய ஊற்றுங்கள். செத்துப்போன அந்த ஒன்று, டைமர் சரியாக எரிகிறதா என்று ராத்திரி பார்க்கப் போகும்போதெல்லாம் நான் கையோடு கொண்டுபோய் ஊற்றிய சொம்புத் தண்ணீரால் செத்தது.

இலையில் தண்ணீர் படாமல், காலையில், வேரடியில் ஊற்றுவது முக்கியம். சுணையில் ஈரம் தங்கினால் கரும்புள்ளி நோய் வந்துவிடும். அடியிலையில் கருஞ்சிவப்புப் புள்ளியாகத் தொடங்கி மேலே ஏறும். இன்னொன்று சாம்பல் நோய், காற்றோட்டம் இல்லாமல் புழுங்கினால் இலையில் திருநீறு பூசியதுபோல ஒரு வெள்ளைப் படலம் வரும். இரண்டுக்குமே தொட்டிகளைத் தள்ளி வைத்துக் காற்றோட்டம் கொடுப்பதும், புள்ளி கண்ட இலையை உடனே கிள்ளி எறிவதும் என் அனுபவத்தில் மருந்தைவிட மேல். அசுவினி மொட்டுக் காம்பில் கூடினால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே விழுந்துவிடும்.

வாடிய பூவைக் காம்போடு, அடுத்த இலைக்கு மேலே வெட்டிவிட்டால் பக்கக் கிளையில் மொட்டு வரும். வெட்டாமல் விட்டால் செடி விதையில் இறங்கிவிடும். இதன் ஆயுள் சின்னது. ஓராண்டு, இரண்டாண்டு, மிஞ்சினால் மூன்று. பூத்து ஓய்ந்ததும் போய்விடும். அது சாகும்போது நாம் என்னமோ தப்பு செய்துவிட்டோம் என்று உர மூட்டையை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஒரு கட்டத்துக்கு மேல் நான் வெட்டுவதை நிறுத்திவிட்டேன். இதழ் உதிர்ந்து மூன்று, நான்கு வாரத்தில் கூம்பு சாம்பல் கலந்த பழுப்பாகி, கையில் எடுத்தால் முள்ளாகக் குத்தும். அப்போது ஒரு காகித உறைக்குள் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் விதை மழை. சொந்த மண்ணில் இந்தக் காய்ந்த கூம்புகளில் அமெரிக்கப் பொன்சிட்டுகள் வந்து தொங்கும் என்பார்கள். என் திண்ணைக்கு அணில்தான் வந்தது. அதுவும் கூம்பைக் கடித்துப் பார்த்து, குத்தியதும் போட்டுவிட்டுப் போய்விட்டது.

விதை எடுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பச்சைக்கண் உள்ள பிரெய்ரி சன், செம்பழுப்பு இதழுள்ள ரகங்கள் போன்றவற்றின் விதை, தாயைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. என்னிடம் இருப்பது சாதாரணக் காட்டு வகை, அதனால் அந்தக் கவலை இல்லை. எனக்கு அந்தக் கறுப்புக்கண்தான் அழகு. பச்சைக்கண் சூசனைப் படத்தில் பார்த்தால் யாரோ தூக்கத்தில் எழுப்பியதுபோல இருக்கிறாள்.

போன மாதம் அக்காவின் சாமந்தி பின்கட்டில் மொட்டு வைத்து, பூத்து, மதில்மேல் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. நான் அந்தப் பக்கத்துப் பல்பைக் கழற்றிவிட்டேன். அடுத்த நாள் அக்கா வந்து, "அந்த மஞ்சளுக்கு விதை இருந்தா கொஞ்சம் கொடுங்க" என்றார். ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். மேலே தூவுங்கள், மூடாதீர்கள், விளக்கு வேண்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "பல்பெல்லாம் நான் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். முளைத்த நாற்றுகளில் நன்றாக வந்த ஒன்றை எடுத்து வெளிக்கதவுத் தூண்மேல், தெருவிளக்குக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கிறார். தெருவிளக்கு அத்தனை உயரத்திலிருந்து போதுமா என்று எனக்குச் சந்தேகம்தான், அவரிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் பால் எடுக்க வரும்போது இலையை எண்ணிச் சொல்கிறார். இன்றைக்கு எட்டு.